தூபக்கால் மூன்று

எங்கள் ஏலக் கம்பெனியில் நாற்காலிக்குக் கால் கிடையாது. பாதம்தான் உண்டு. கட்டிலுக்கும் மேஜைக்கும் அப்படியே. ஒரு வீட்டுச் சாமான்களை ஒன்று விடாமல் எழுதும் பட்டியலுக்கு ஜாபிதா என்று பெயர். அந்த ஜாபிதாவில் "தேக்கு நாற்காலி ஒன்று, பாதம் நான்கு" என்றுதான் எழுத வேண்டும். போன மாதம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாக்கள் இரண்டு பேர் சூரமங்கலத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். "ஏனுங்க ஐயா, நாக்காலிக்குப் பாதமுன்னா அதுக்குக் கொலுசு மாட்டோணுங்களா?" என்று ஒருவன் கேட்டான். மற்றவன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

இந்த விதி ஏன் வந்தது என்று கம்பெனியில் இப்போது யாருக்கும் தெரியாது. முதலாளியின் பேரர்தான் நிர்வாகம் பார்க்கிறார். அவருக்கும் தெரியாமல், "பழைய ரைட்டரைக் கேளுங்க" என்று பையன்களை என்னிடம் அனுப்பிவிட்டார். இனி ஜாபிதாவெல்லாம் டைப் அடிக்கப் போகிறார்களாம். அடிக்கட்டும். தப்பும் இனிமேல் அழகாக விழும். விதிக்குக் காரணம் நான். பெருமைப்படுகிற சங்கதி இல்லை என்பதால் இத்தனை வருஷம் வாய் திறக்கவில்லை.

நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். முதல் இரண்டு வருஷம் பீரோ தூக்கினேன், வைக்கோல் திணித்துப் பெட்டி கட்டினேன், ஏலத்தன்று மணி அடித்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பிறகு பேனாவைக் கொடுத்தார்கள். அன்று முதல் ஓய்வு பெறும் வரை ரைட்டர்தான். ஏற்காட்டிலிருந்து சீமைக்குத் திரும்புகிற துரைமார் வீட்டுச் சாமான்களை எழுதுவோம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போதும் எங்களைக் கூப்பிடுவார்கள். சொந்தக்காரர் எழுதினால் சண்டை வரும், மூன்றாம் மனிதர் எழுதினால் வராது என்பது எண்ணம்.

முதலாளி காசிம் ராவுத்தர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைத் துடைப்பார். மிகவும் துடைத்தால் மிகவும் கோபம். ஆளைத் திட்ட மாட்டார், சொல்லைத்தான் திட்டுவார். ஒருமுறை நான் "பழைய கடிகாரம்" என்று எழுதியிருந்தேன். "பழசுன்னு யார் சொன்னாங்க தம்பி? அதுவே சொல்லுச்சுங்களா?" என்று கேட்டார். இன்னொரு முறை வெள்ளிக் குடம் என்று எழுதினேன். அதை அடிக்கச் சொல்லி "வெள்ளை நிற உலோகக் குடம்" என்று எழுதவைத்தார். உரசிப் பார்த்தபோது உண்மையாகவே வெள்ளியாக இருந்தது. அப்போதும் விடவில்லை. "நீங்க எழுதறப்ப உரசலையே" என்றார்.

"கண்ணு பார்த்ததைக் கை எழுதணும். நடுவுல புத்தி வந்து நாட்டாமை பண்ணக் கூடாது" என்பார். இதை அவர் சொல்லக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துப் போயிருந்தது.

எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் சாமானைக் கையில் எடுத்துக் கூவ வேண்டும். மற்றவர் காதில் விழுந்தபடியே கரட்டுத் தாளில் எழுத வேண்டும். முதலில் பெயர், அடுத்து எதனால் செய்தது, என்ன வேலைப்பாடு, என்ன பழுது. எண்ணிக்கை சொல்லாவிட்டால் ஒன்று என்று அர்த்தம். கம்பெனிக்குத் திரும்பி, கட்டம் போட்ட தாளில் நல்ல நகல் எழுத வேண்டும். அதில் எண்ணிக்கைக்குத் தனிக் கட்டம். நல்ல நகலை மறுபடி அந்த வீட்டுக்குக் கொண்டுபோய், சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் முன்னால் வரிவரியாக வாசித்து, அவர் "ஆமாம்" என்று சொன்ன பிறகு பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். அதற்குப் பிறகு ஜாபிதாவில் ஒரு புள்ளி கூட மாற்ற முடியாது.

யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு நாமக்கல்லுக்கு வடக்கே ஒரு கிராமத்தில் ஒரு பெரிய பண்ணை வீட்டுக்கு எழுதப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அண்ணன் தம்பி மூன்று பேரில் நடுவில் பிறந்தவர் காலமாகிவிட்டார். மற்ற இருவரும் பாகம் பிரிக்கிறார்கள். காலமானவரின் மனைவி பாவாயம்மாளுக்கு அப்போது முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. மூத்தவரான பெரியவரின் மனைவி நோயாளி என்பதால் வீட்டுச் சாவிக்கொத்து பாவாயம்மாள் இடுப்பில் இருந்தது. பாகம் பிரிந்த பிறகும் தெற்குப் பக்கத்து அறையும் சமையல் கொட்டகையும் அவருக்கு ஆயுசுக்கும் உண்டு, வருஷா வருஷம் நெல்லும் கம்பும் உண்டு, பெண்ணின் கல்யாணம் குடும்பப் பொறுப்பு என்று ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாளுக்கு உலகத்தில் இருந்த பிடிமானம் அந்த ஒரு தாள்தான்.

அன்று ராவுத்தர் எங்களோடு வரவில்லை. கூவுவதற்குப் பழனியாண்டி, எழுதுவதற்கு நான். பூசை அறைக்குள் வெளியாள் போகக் கூடாது என்பதால் பாவாயம்மாள் உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நிலைப்படியில் நீட்டினார். பழனியாண்டி வாங்கிக் கூவினான். நான் நாலெட்டுத் தள்ளிப் பாயில் உட்கார்ந்து எழுதினேன்.

அப்போதுதான் அந்தத் தூபக்கால் வந்தது. உயரம் ஒரு சாண் இருக்கும். வெள்ளைப் பீங்கான். பால் வெள்ளை இல்லை, துளி சாம்பல் கலந்த வெள்ளை. அதன் மேல் நீலத்தில் ஒரு மலை, கீழே தண்ணீர், தண்ணீரில் படகு, படகில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவன். இரண்டு பக்கமும் காது மாதிரிக் கைப்பிடி. மூடியில் புகை போவதற்கு ஓட்டைகள், உச்சியில் வாயைத் திறந்துகொண்டு ஒரு மிருகம். ஜப்பான்காரர்கள் அதைச் சிங்கம் என்பார்களாம். அந்த வீட்டில் அது நாய். "சாமி ரூம்புல நாயக் கொண்டாந்து குடி வெச்சுட்டான்" என்று பெரியவர் தம்பியைக் கேலி செய்வது வழக்கமாம். சேலத்தில் யாரோ ஒரு துரை ஊருக்குப் போகும்போது அவரிடமிருந்து பாவாயம்மாளின் கணவர் வாங்கி வந்தது அது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதில்தான் சாம்பிராணி. உள்ளே கரி ஏறியிருந்தது.

அதற்கு மூன்று கால்கள். ஒவ்வொரு காலும் ஒரு மிருகத்தின் முகத்திலிருந்து இறங்கியது. ஒரு கால் எப்போதோ உடைந்து, அரக்கு வைத்து ஒட்டி, ஒட்டின வரியில் பொன் பூசியிருந்தது. ஒட்டை மறைக்காமல் பொன் பூசிக் காட்டுகிறார்களே என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

பழனியாண்டி அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூவினான். "தூபக்காலு! சப்பான் பீங்கானு! நீல வேலை! மூணு காலு! ஒண்ணு ஒட்டு!"

நான் எழுதினேன். தூபக்கால், ஜப்பான் பீங்கான், நீல வேலை, 3 கால், 1 ஒட்டு.

இதுவரை ஒரு குற்றமும் இல்லை.

இரண்டு நாள் கழித்துச் சேலத்தில் உட்கார்ந்து நல்ல நகல் எழுதினேன். முன்னூறு உருப்படிக்கு மேல். செம்பு இருபத்திரண்டு, குத்துவிளக்கு ஆறு, அண்டா நான்கு என்று கை ஓடிக்கொண்டிருந்தது. இந்த வரி வந்தது. "தூபக்கால்" என்று எழுதிவிட்டேன். அப்புறம் "3 கால்" என்று இருந்தது. பழனியாண்டி அவசரத்தில் தூபக்காலைக் கால் என்று சுருக்கிக் கூவியிருக்கிறான், நானும் அப்படியே எழுதியிருக்கிறேன் என்று என் புத்தி சொன்னது. கால் என்பதை விட்டேன். மூன்றைத் தூக்கி எண்ணிக்கைக் கட்டத்தில் போட்டேன். பழுது என்ற இடத்தில் "ஒன்று ஒட்டு" என்று எழுதினேன். ஏழாம் பக்கம், மேலிருந்து ஐந்தாம் வரி. வாசித்தால் யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது. தூபக்கால் மூன்று, அவற்றில் ஒன்று ஒட்டுப் போட்டது. அவ்வளவு சுத்தமாக இருந்தது. நல்லவேளை, மூன்றேகால் தூபக்கால் என்று எழுதாமல் விட்டீர்களே என்று பிற்பாடு பழனியாண்டி சொன்னான். அவனுக்கு எல்லாமே வேடிக்கை.

நகலை வாசித்துக் காட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் போனபோது உச்சி வெயில். முதல் இரண்டு பக்கம் வாசித்தேன். பெரியவர் வந்து, "ரைட்டரே, எல போட்டாச்சுங்க. சோறு ஆறிப்போகுது. மிச்சத்துக்குக் கைநாட்டை வாங்கிக்கங்க" என்றார். பாவாயம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் மைப் பெட்டியைத் திறந்து நீட்டினேன். ஒன்பது பக்கத்திலும் கட்டை விரலை வைத்துவிட்டு அவர் பரிமாறப் போனார். பசி எனக்கு, விரல் அவருக்கு. இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

மூன்று மாதம் கழித்துப் பெரியவரிடமிருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்தது. பாகம் பிரித்துவிட்டார்கள். ஜாபிதாப்படி சரிபார்த்ததில் எல்லாம் சரி. ஏழாம் பக்கத்தில் கண்ட தூபக்கால் மூன்றில் ஒட்டுப் போட்டது மட்டும் இருக்கிறது, நல்லவை இரண்டையும் காணோம். சாவி தம்பி சம்சாரத்திடம் இருந்தது. ஒன்றுதான் இருந்தது என்று அவள் சாதிக்கிறாள், ஆனால் ஜாபிதாவில் அவள் கைநாட்டு இருக்கிறது. இன்றைக்குத் தூபக்கால், நாளைக்கு எதுவோ. காணாமற்போன இரண்டின் அடையாளத்தையும் விவரமாக எழுதி அனுப்பினால் அவள் பிறந்த வீட்டில் தேடுவதற்கு வசதியாக இருக்கும். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

ராவுத்தர் கடிதத்தை என் மேஜையில் வைத்தார். "அந்த ரெண்டும் எப்படி இருந்துச்சுன்னு எழுதிப் போட்டுடுங்க தம்பி" என்றார்.

இப்போது சொல்லப்போவதை நம்புவது கஷ்டம். நான் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எனக்கு அந்த இரண்டும் ஞாபகம் வந்தன! உயரம் ஒட்டுப் போட்டதற்குச் சமம். மலைக்குப் பதிலாக நாணல், நாணலில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. இன்னொன்றில் மூடியின் விளிம்பில் சின்ன வெடிப்பு. ஐந்து வரி எழுதிவிட்டேன். பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லை. என் கையெழுத்தில் மூன்று என்று இருக்கிறது, அப்படியானால் நான் மூன்றைப் பார்த்திருக்கிறேன். வெடிப்பு எந்தப் பக்கம் என்று மட்டும் சந்தேகம் வந்தது. பழனியாண்டியைக் கேட்கலாம் என்றால் நோன்பிப் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தான். சரி, கரட்டுத் தாளைப் பார்த்துவிடுவோம் என்று கட்டை அவிழ்த்தேன்.

3 கால், 1 ஒட்டு.

எழுதிய ஐந்து வரியைப் பார்த்தேன். கொக்கு அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

உடனே ஓடிப்போய் ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் கரட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஜாபிதா தப்பு என்று ஊருக்குள் தெரிந்தால் கம்பெனியை இனி யார் கூப்பிடுவார்கள்? என்னை யார் வைத்துக்கொள்வார்கள்? சாயங்காலம் ராவுத்தர், "எழுதியாச்சுங்களா?" என்று கேட்டபோது, "நாளைக்குங்க" என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு நாளை நான் என் கணக்கில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

மறுநாள் காலையில் தாளை அவர் முன்னால் விரித்தேன். பார்த்தார். நல்ல நகலை வாங்கி ஏழாம் பக்கத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"வாசிச்சுக் காட்டுனீங்களா?"

"ரெண்டு பக்கம் வாசிச்சேனுங்க."

துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வேலை போய்விட்டது என்றே முடிவு செய்தேன்.

"நாமக்கல் பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வண்டி பிடித்துப் பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெரியவரும் உறவுக்காரர் நாலைந்து பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க, வாங்க. இத்தனை தூரம் எதுக்குங்க? கடுதாசி போட்டாப் போதாதுங்களா?" என்றார் பெரியவர். "அதுவுமே இனி வேண்டியதில்லீங்க. அவளே ஒப்புக்கிட்டா."

ராவுத்தர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன ஒப்புக்கிட்டாங்க?" என்றேன்.

"எடுத்தேன்னுதான். கெணத்துல போட்டுட்டேன்னா. மாடு கட்டி ரெண்டு கவலை பூட்டி ரெண்டு நாளு தண்ணி எறச்சம். எங்கப்பன் காலத்துச் செம்பு ஒண்ணு கெடைச்சுது. தூபக்காலக் காணோம். கேட்டா, பானை விக்கறவனுக்குக் குடுத்துட்டேங்கறா. ஒரு பொய்யா, ரெண்டு பொய்யா? நாளைக்கு அவ அண்ணனை வரச் சொல்லியிருக்கறனுங்க. கூட்டிக்கிட்டுப் போகட்டும். நல்லதா ரெண்டை எடுத்துக்கிட்டு ஒட்டுப் போட்டத எங்களுக்கு வெச்சிருக்கறா பாருங்க!"

நான் கரட்டுத் தாளை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, இருந்தது ஒன்றுதான் என்றேன். சொல்லி முடித்ததும் உறவுக்காரர் ஒருவர் சிரித்தார். கம்பெனிக்காரர்களை அந்த அம்மாள் சரிக்கட்டிவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ. ராவுத்தர் தூபக்காலைக் கொண்டுவரச் சொன்னார்.

கொண்டுவந்தார்கள். ராவுத்தர் பீங்கானைத் தொடும் விதம் ஒன்று உண்டு. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். தோள் துண்டை மடித்துப் பெஞ்சில் விரித்தார். மூடியைத் தனியாக எடுத்து மல்லாத்தி வைத்தார். கைப்பிடியைத் தொடவே இல்லை. வயிற்றுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். நகத்தால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்தார். பிறகு அடியைத் திருப்பிக் காட்டினார். நீலத்தில் நாலு எழுத்து இருந்தது. ஜப்பான் எழுத்து என்றார். சீனத்து எழுத்து என்று சொல்லியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன்.

"இது நம்ம பாட்டன் காலத்துக்கும் முந்தினதுங்க" என்றார். ஒரு பொருளைப் பழசு என்று அவர் வாய்விட்டுச் சொன்னதை அன்று ஒரு நாள்தான் கேட்டேன். "இந்த மாதிரி ஒண்ணு கெடைக்கறதே அபூர்வம். மூணு வெச்சிருக்கறவங்க வீடு சேலம் ஜில்லாவுல இல்லை. இப்ப எண்ணுங்க, இதுக்குக் காலு எத்தனை?"

பெரியவர் எண்ண வேண்டியதில்லைதான். ஆனாலும் குனிந்து விரலை நீட்டி எண்ணினார். ஒட்டுப் போட்ட காலில் அவர் விரல் நின்றது.

"மூணு காலு, ஒண்ணு ஒட்டு" என்றார் மெதுவாக. பிறகு அவரே, "அப்ப அவ எதை எடுத்தேன்னு ஒப்புக்கிட்டா?" என்று கேட்டார். எங்களைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை.

பாவாயம்மாளைக் கூப்பிட்டார்கள். வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து இல்லை. குழந்தை அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எடுக்காததை எதுக்கம்மணி எடுத்தேன்னு சொன்ன?" என்றார் பெரியவர்.

"எடுக்கலீங்கன்னு பத்து நாளு சொன்னனுங்க மாமா. சூடத்தப் பத்த வெச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணுன்னீங்க. பண்றேனுங்கன்னேன். அப்பறம் புள்ளையக் கொண்டாந்து நிறுத்தி, அவ தல மேல கைய வெச்சுக்கிட்டு அணைக்கோணும்ன்னீங்க." அவர் கை தானாகக் குழந்தையின் தலைக்குப் போயிற்று. "நெசமே ஆனாலும் புள்ளை தலயில சத்தியம் பண்ணுவாங்களாங்க? அதுக்கு நான் திருடியாவே இருந்துட்டுப் போறேன்னுதான் சொன்னேன்."

ராவுத்தர் என்னிடம், "வாசிங்க" என்றார்.

"எதைங்க?"

"முழுசையும் வாசிங்க. மொதல் பக்கத்துலேர்ந்து."

வாசலில் நின்றபடியே ஒன்பது பக்கத்தையும் வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் அந்த அம்மாள் "ஆமாங்க" என்றார். ஏழாம் பக்கம் ஐந்தாம் வரி வந்தபோது, "தூபக்கால் ஒன்று, பாதம் மூன்று" என்று வாசித்தேன். ராவுத்தர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, கைநாட்டு விழுந்த ஜாபிதாவில், தன் கையாலேயே அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கம்பெனியில் அப்படித் திருத்தின ஜாபிதா அது ஒன்றுதான். பாதம் என்ற விதி அன்றைக்கு வந்தது.

பெரியவர் கெட்ட மனிதர் இல்லை. உள்ளே போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "நடந்தது நடந்துபோச்சு அம்மணி. ரூம்பு உன்றதுதான். நெல்லும் கம்பும் உன்றதுதான். இந்தா, புடிச்சுக்க."

பாவாயம்மாள் கை நீட்டவில்லை.

"ஊடு இருக்கட்டுங்க மாமா" என்றார். "புள்ளை தலயக் கேட்ட ஊட்டுல புள்ளைய வெச்சிருக்க மாட்டேனுங்க."

யார் யாரோ சமாதானம் சொன்னார்கள். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். பெட்டியை வாசலில் திறந்து, எல்லோரும் பார்க்கும்படி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். நாலு சேலை, குழந்தையின் பாவாடைகள், ஒரு கண்ணாடி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ராவுத்தர், "மூடுங்கம்மா, மூடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். அண்ணன் வருவதற்குக் காத்திருக்கவில்லை. தம்மம்பட்டிப் பக்கத்தில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போக, பஸ் நிற்கும் இடம் வரை நாங்கள் வந்த வண்டியிலேயே கிளம்பிவிட்டார்.

ராவுத்தர் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் பின்னால், அந்த அம்மாளுக்கு எதிரில். குழந்தை மடியில் சாய்ந்து புளிய மரங்களை எண்ணிக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் இருந்த அறை, நெல், கல்யாணம் எல்லாவற்றையும் நான் திரும்ப வாங்கிக் கொடுத்தது போலவும், அவர் அவற்றை வேண்டாம் என்று போட்டுவிட்டு வருவது போலவும் எனக்கு ஒரு கிறுக்கு நினைப்பு. மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில், அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததைச் சொன்னேன். இல்லாத இரண்டும் எனக்கே ஞாபகம் வந்ததையும், ஐந்து வரி எழுதியதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டார்.

"கொக்குப் போட்டிருந்துச்சுங்க."

"என்றதுல மயிலுங்க" என்றார். "கெணத்துல போட்டது எப்படி இருந்துச்சு, சொல்லு சொல்லுன்னு மூணு நாளாக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மொதல்ல வாய்க்கு வந்ததச் சொன்னேன். அப்பறம் கண்ணுல தெரிய ஆரம்பிச்சுடுச்சு. ஒண்ணுல மயிலு, ஒண்ணுல வெறும் பூவு."

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. குழந்தையின் தலை மரச் சட்டத்தில் மோதாமல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"இன்னிக்குக் காத்தால நீங்க வர்ற வரைக்கும், ஒருவேள நாந்தான் எங்காச்சும் எடுத்து வெச்சுட்டு மறந்துட்டனாட்டம் இருக்குதுன்னு, குதிருக்குள்ள எல்லாம் கையுட்டுத் தேடிக்கிட்டு இருந்தனுங்க, சாமி."